ஆவடி டாங்கி, 35-ல் ஒரு பங்கு: பழைய ரெசின் கிட்டை என்ன செய்யலாம்?

[காட்சி: மேஜைமேல் திறந்த அட்டைப்பெட்டி, உள்ளே ரெசின் துண்டுகள்]

இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறது விஜயந்தா டாங்கியோட சின்ன உருவம். ரெசின், அதாவது அச்சுல ஊத்தி இறுக வைக்கிற ஒரு வகை பிளாஸ்டிக். அதுல வார்த்த துண்டுகளை நாமளே ஒட்டிச் செய்யணும். நிஜ விஜயந்தா, இங்கிலாந்துல விக்கர்ஸ் கம்பெனி வடிவமைச்ச டாங்கி. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில இருந்து 1965 டிசம்பர்ல முதல் வண்டி வெளிய வந்துச்சு. 1971 பாகிஸ்தான் போர்ல மேற்கு எல்லையில நின்ன வண்டி. இங்க 35-ல ஒரு பங்கா, மஞ்சள் பூத்து, பாதி வளைஞ்சு கிடக்கு.

முதல்ல எல்லாத்தையும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. அச்சுல ஒட்டாம இருக்கத் தடவின எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா, பெயின்ட் தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும்.

[காட்சி: வெர்னியர் காலிப்பர்]

அடுத்து பசை இல்லை, அளவு. நிஜ வண்டியோட உடல் நீளம் 7.92 மீட்டர். 35-ஆல வகுத்தா 226 மில்லிமீட்டர். என் கையில இருக்கிறது 223. ரெசின் இறுகும்போது சுருங்கும், அதான் காரணம். இதைச் சரிபண்ணப் போகாதீங்க. அந்த 3 மில்லிமீட்டரை யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

ஆனா மட்கார்டைப் பாருங்க. 2 மில்லிமீட்டர் தடிமன். நிஜ வண்டி அளவுக்குப் பெருக்கினா அது 7 சென்டிமீட்டர்! இந்த டாங்கியோட முன்பக்கக் கவசமே 8 சென்டிமீட்டர்தாங்க. சாதா தகரத்துக்கு இவ்வளவு உடம்பா? இதுதான் கண்ணை உறுத்தும். வெட்டி எறிஞ்சுட்டு, கூல்டிரிங்க் கேனைக் கத்தரிச்சுப் போடுங்க. அந்த அலுமினியம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். விரலால நசுக்கினா, சுவத்துல இடிச்ச மட்கார்டு மாதிரியே நெளியும். ரெசின்ல அந்த நெளிவு வரவே வராது.

[காட்சி: வளைந்த பீரங்கிக் குழாய்]

பீரங்கி வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு. சுடுதண்ணியில அரை நிமிஷம் முக்கி, கண்ணாடிமேல உருட்டி நிமித்தி, உடனே பச்சைத் தண்ணியில விட்டா நேராகும். ஆனா நம்ம ஊர் வெயில்ல திரும்பவும் தொங்கலாம். நான் அதை நம்புறதில்லை. இதுல இருக்கிறது 105 மில்லிமீட்டர் எல்7. சென்சூரியன்ங்கிற பிரிட்டிஷ் டாங்கியோட பிற்கால ரகங்களுக்கும் அதே பீரங்கிதான். அதனால அந்த 105 சென்சூரியனுக்குன்னு கடைஞ்சு விக்கிற உலோகக் குழாய் இதுக்கும் பொருந்தும். 105-ஐ 35-ஆல வகுத்தா சரியா 3. வாய்ல 3 மில்லிமீட்டர் துளை இருக்கான்னு மட்டும் பார்த்து வாங்குங்க.

வார்க்கும்போது ஊத்தின இடத்துல நிக்கிற ரெசின் கட்டைகளை மெல்லிய ரம்பத்தால அறுக்கணும். மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சே தேயுங்க.

காற்றுக்குமிழி ஓட்டைக்கு ஃபெவிக்விக்கையும் முகப்பவுடரையும் குழைச்சு அடைங்க. காய்ஞ்சதும் தேய்ச்சுடணும். மறுநாள்னா ரெசினைவிடக் கெட்டியாகி, சுத்தி இருக்கிறதுதான் தேயும். பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை ரெசின்ல பிடிக்காது. சூப்பர் க்ளூதான், கனமான பாகத்துக்கு உள்ள ஒரு பித்தளைக் கம்பி ஆணியும். மழைக்காலத்துல ஒட்டினா சுத்தி வெள்ளையா பூக்கும். ஃபேன் ஓடட்டும், கொஞ்சமா விடுங்க.

புகைக்குண்டுக் குழாய்கள், பக்கத்துக்கு 6. ரெசின்ல எல்லாமே குருடு. துளை போடுங்க, இல்லைன்னா பித்தளைக் குழாயை நறுக்கி வைங்க. கைப்பிடிகளுக்குச் செம்புக் கம்பி போதும்.

[காட்சி: சாலையோரம் நினைவுச் சின்னமாக நிற்கும் விஜயந்தா]

நிஜ வண்டியை எங்கே பார்க்கிறது? நாட்டுல பல ஊர்கள்ல விஜயந்தா நினைவுச் சின்னமா நிக்குது. போய் பத்து கோணத்துல படம் எடுங்க, பக்கத்துல ஒரு அடி ஸ்கேலை வச்சு. ஆனா அதை அப்படியே நம்பிடாதீங்க. வருஷா வருஷம் பெயின்ட் மேல பெயின்ட் அடிச்சு ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். மூடிகளை வெல்டு வச்சு அடைச்சிருப்பாங்க, லைட்டைக் கழட்டியிருப்பாங்க. நான் அப்படி ஒரு வண்டியைப் பார்த்து டிராக்குக்கு, அதாவது சக்கரங்களைச் சுத்தி ஓடுற சங்கிலிப் பட்டைக்கு, வெள்ளிப் பூச்சு அடிச்சேன். அப்புறம் படையில ஓடின காலத்துப் படத்தைப் பார்த்தா, அங்கே வெறும் துருவும் மண்ணும். இப்போ அந்த வெள்ளியைத்தான் சுரண்டிக்கிட்டிருக்கேன்.