பெருவிரலுக்கு அடங்கிய தண்ணீர்

வணக்கம் நேயர்களே.

என்னைப் பேச அழைத்த தம்பி, "ரீச்சர், வீட்டுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது கதையுங்கோ" என்று கேட்டார். நான் 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஆனால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டுத் தொகுதியில் என்னை யாரும் விஞ்ஞான ரீச்சர் என்பதில்லை. வொஷர் ரீச்சர். லிப்ற்றுக்குள் சந்திக்கும் சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடும். ஆகவே பாத்ரூம் பைப்பைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறேன். நமக்குச் சுவருக்குள் ஓடுவதும் பைப், திறந்து பூட்டுவதும் பைப். எந்த நேரம் எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் பிடிபடும்.

பைப் சொட்டினால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? போய் இறுக்கிப் பூட்டுகிறோம். நிற்கவில்லையா, இன்னும் இறுக்குகிறோம். அதற்கும் நிற்காவிட்டால் வீட்டில் பலசாலி யாரோ, அவரைக் கூப்பிடுகிறோம். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறுக்கு. அன்றிரவு சொட்டாது. இரண்டு நாள் கழித்துப் பழையபடி சொட்டும், கொஞ்சம் கூடுதலாக. நான் இன்றைக்கு வந்ததே அந்த முறுக்கை நிறுத்தத்தான். இறுக்காதீர்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998 ஆம் ஆண்டு. அந்த மாடிவீட்டுக்கு வந்து ஆறு மாதம் இருக்கும். பாத்ரூம் பேசின் பைப் சொட்டிக்கொண்டே இருந்தது. பைப் திருத்துகிற பாஸ் ஒருவரைக் கூப்பிட்டால் இன்றைக்கு, நாளைக்கு என்று இரண்டு கிழமை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் அமுக்கம் படிப்பிக்கிற எனக்கு ஒரு பைப்பைக் கழற்றத் தெரியாதா என்று ஒரு ரோசம். என் கணவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுக்கு வருகிற தண்ணீரை நிறுத்துகிற கேற் வால்வைப் பூட்டிவிட்டு, ஸ்பனரும் கையுமாக நின்றேன்.

கேற் வால்வைப் பூட்டினேன் என்றா சொன்னேன்? அதன் சக்கரத்தைச் சுற்றினேன், அவ்வளவுதான். சக்கரம் நன்றாகச் சுற்றியது. ஆனால் உள்ளே இருக்கிற தகடு எப்போதோ துருப்பிடித்து உடைந்து அப்படியே கிடந்திருக்கிறது. பைப்பைத் திறந்து பார்த்தாவது இருக்கலாம், தண்ணீர் நின்றுவிட்டதா என்று. அதையும் செய்யவில்லை. பைப்பின் தலையைக் கழற்றினேன். தண்ணீர் என் மூக்குக்கண்ணாடியையும் தட்டிக்கொண்டு மேலே போனது.

கையில் அகப்பட்டது என் பெருவிரல்தான். ஓட்டையில் வைத்து அமத்தினேன். நின்றுவிட்டது! ஆனால் இனி விரலை எடுக்க முடியாது. எட்டு வயது மகளை, "ஓடு, கீழ வோச்சர் அங்கிளிட்டச் சொல்லு, மேல தாங்கியைப் பூட்டட்டாம்" என்று அனுப்பினேன். வோச்சர், அதுதான் எங்கள் காவலாளி, தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தார். இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே நின்றேன். விரலை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் ஒரு சீறல். நிலமெல்லாம் தண்ணீர். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு மாமி படியேறி வந்து வாசலில் நின்றபடி, சண்டை பிடிக்காமல், ஆறுதலாகச் சொன்னா: "பிள்ளை, உங்கட தண்ணி எங்கட லைற்றுக்குள்ளால வருது." "மாமி, மெயின் சுவிச்சை நிப்பாட்டுங்கோ!" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன்.

மாமி இப்போது கனடாவில். போன் எடுத்தால் இன்றைக்கும் முதல் கேள்வி, "பைப் எப்பிடி இருக்கு?"

கதை இருக்கட்டும். அந்த இருபது நிமிடமும் நின்றபடி நான் ஒரு கணக்குப் போட்டேன். மொட்டைமாடித் தாங்கியின் தண்ணீர் மட்டம் என் விரலுக்கு மேலே 6 மீற்றர் இருக்கும். 600 சென்ரிமீற்றர். ஓட்டையின் பரப்பு ஒன்றரைச் சதுர சென்ரிமீற்றர். பெருக்கினால் 900 கன சென்ரிமீற்றர். ஒரு கன சென்ரிமீற்றர் தண்ணீர் ஒரு கிராம். அதாவது 900 கிராம் தண்ணீரின் பாரம். தாங்கி எவ்வளவு பெரிது என்பது கணக்கிலேயே வராது, உயரம் மட்டும்தான். ஆயிரம் லீற்றர் தாங்கியை நான் பிடித்துக்கொண்டு நின்றது ஒரு கிலோ சீனிப் பையைப் பிடிப்பதைவிடக் குறைந்த பலத்தில்!

அப்படியானால் பைப்புக்குள் இருக்கிற வொஷர் செய்ய வேண்டிய வேலையும் அவ்வளவுதானே? பழைய மாதிரிப் பைப், பல சுற்றுச் சுற்றித் திறக்கிறது இருக்கிறதே, அதற்குள் இருப்பது கோட்டுப் பொத்தான் அளவில் ஒரு ரப்பர் வட்டம். சோடாப் போத்தலின் வாயைப் பெருவிரலால் அடைப்பது போல அது மேலிருந்து இறங்கி ஓட்டையை மூடுகிறது. நீங்கள் இறுக்க இறுக்க, ஓட்டையின் பித்தளை விளிம்பு ரப்பரை வெட்டுகிறது. பழைய வொஷர் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், பிஸ்கட்டில் மோதிரத்தை அழுத்தின மாதிரி. ரப்பர் கருங்கல்லாக இறுகியிருக்கும். அந்தப் பள்ளம் தண்ணீர் போட்டதில்லை. நாம் போட்டது.

மாற்றுவது அரைமணி நேர வேலை. தண்ணீரை மேலே பூட்டுங்கள். பூட்டியபின் பைப்பைத் திறந்து, தண்ணீர் நின்றுவிட்டதா என்று பாருங்கள். என் கதையைக் கேட்டபிறகும் இதை மறந்தால் நான் பொறுப்பில்லை. பேசினின் ஓட்டையை ஒரு துணியால் அடையுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சின்ன ஸ்குரூ நேரே அதற்குள்தான் போகும். பைப்பின் உடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஸ்பனரைத் திருப்புங்கள், சுவருக்குள் இருக்கிற பைப் திருகுப்படக் கூடாது. பழைய வொஷரையே கையில் எடுத்துக்கொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போங்கள். பக்கத்துக் கடையில் இல்லையென்றால் பழைய சோனகத் தெருவில் இல்லாத அளவு கிடையாது. கடை பூட்டியிருக்கிற இரவு நேரமென்றால் ஒரு சுருக்குவழி: அதே வொஷரைத் திருப்பி, பள்ளமில்லாத பக்கம் கீழே வருகிற மாதிரிப் போடுங்கள். சில நாளைக்குத் தாங்கும்.

புது வொஷர் போட்டும் சொட்டுகிறதா? பித்தளை விளிம்பை விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் வொஷரில் குற்றமில்லை, பைப்பையே மாற்ற வேண்டியதுதான். வாயால் சொட்டாமல், திறக்கிற நேரம் கைபிடியடியால் கசிகிறதென்றால் அது வேறு நோய். தண்டைச் சுற்றியுள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். இங்கே மட்டும் இறுக்க அனுமதி!

இப்போது வருகிற கால்சுற்றுப் பைப்புகளில் வொஷரே இல்லை. உள்ளே இரண்டு செரமிக் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதை இறுக்குவதில் அர்த்தமேயில்லை. அதற்கு எதிரி மணல். தண்ணீர் வெட்டு முடிந்து திரும்ப வருகிற முதல் தண்ணீர் கலங்கலாக, துருவோடு வரும். அந்த நேரம் நல்ல பைப்பைத் திறக்காமல், வாளி நிரப்புகிற பழைய பைப்பை முதலில் திறந்து ஓடவிடுங்கள். உள்ளுறுப்பு கெட்டால் மாற்றலாம், ஆனால் பழையதைக் கொண்டுபோய், கைபிடி ஏறுகிற தலையில் உள்ள பல்லை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஒரு பல் வித்தியாசமென்றாலும் கைபிடி ஏறாது.

அடுத்தது, தண்ணீர் நூல் மாதிரி வருகிறது என்கிற முறைப்பாடு. ஒரு பைப்பிலா, எல்லாப் பைப்பிலுமா? முதலில் இதைப் பாருங்கள். எல்லாவற்றிலும் என்றால் தாங்கி, மேல் வால்வு, அல்லது தாங்கி வெறுமையாகி நிரம்பினபோது பைப்புக்குள் அகப்பட்ட காற்று. ஒன்றில் மட்டும் என்றால் அதன் வாயைப் பாருங்கள். ஒரு சின்ன வலை திருகியிருக்கும். கழற்றித் தட்டினால் துருத்துண்டு, மணல், பைப் பூட்டுகிற நேரம் மரையில் சுற்றுகிற சீல் ரேப்பின் கிழிசல் எல்லாம் விழும். என் தங்கை யாழ்ப்பாணத்தில், அவளுடைய பைப்பில் விழுவது வேறு. அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வருகிற கிணற்றுத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் வலையிலும் படிகிறது. வினாகிரியில் ஒரு இரவு ஊறப்போட்டுப் பழைய பல்லுப் பிரஷால் தேய்த்தால் போகும். கொழும்புக்கு வருவது லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் அம்பத்தலையில் எடுக்கிற களனி ஆற்றிலிருந்தும். அது மென்னீர். இங்கே வினாகிரிக்குச் செலவில்லை, தட்டினாலே போதும்.

வலையும் சுத்தம், ஆனாலும் நூல்தான் என்றால், நீங்கள் வாங்கின பைப்பே உங்கள் வீட்டுக்கு ஏற்றதில்லாமல் இருக்கலாம். 10 மீற்றர் உயரத் தண்ணீருக்குத்தான் 1 பார் அமுக்கம். தாங்கிக்கு அடுத்த கீழ்மாடியில் 3 மீற்றர் உயரமென்றால் 0.3 பார். சூடும் குளிரும் கலந்து தருகிற வெளிநாட்டு மிக்சர் பைப்புகளில் பல இதைவிடக் கூடுதலான அமுக்கத்துக்குச் செய்தவை. பெட்டியில் எழுதியிருக்கும், வாங்க முன் வாசியுங்கள். பளபளப்பு தண்ணீர் தராது.

தம்பி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மூன்று விரலைக் காட்டுகிறார். மூன்று நிமிடமா? நான் இன்னும் பேசினின் அடிக்கே வரவில்லையே!

சரி, அடைப்பு. பேசினுக்குக் கீழே வளைந்த குழாய், அல்லது போத்தல் மாதிரி ஒரு பகுதி, எப்போதும் தண்ணீரோடு நிற்கும். சாக்கடை மணம் மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் திரும்பாவிட்டால் அது வற்றிவிடும், வீடு நாறும். ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. இதற்குப் போய் நானூறு ஐந்நூறு ரூபாய்க்கு வாசனைத் திரவியம் வாங்குகிறவர்களைத் தெரியும். தண்ணீர் இறங்காவிட்டால், கீழே வாளியை வைத்துவிட்டுப் போத்தலைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். தலைமயிர், சவர்க்காரம், தேங்காயெண்ணெய் எல்லாம் சேர்ந்து கறுப்பாக ஒரு வால் வரும். அதை இழுத்தெடுத்தால் போதும். அசிட்டும் வெளுக்கிற திரவமும் மாறி மாறி ஊற்றவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. சின்னப் பாத்ரூமுக்குள் அது விளையாட்டில்லை.

அந்த வாளியையும் உடனே கொட்டுங்கள். கசிவுக்கென்று வைத்து மறந்த வாளிதான் டெங்கு நுளம்புக்கு வேண்டிய இடம். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பேசினுக்குக் கீழே குனிந்து பார்க்கும்வரை வைத்திருக்காதீர்கள்.

ஒரு விரல். வேகமாகச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கசிவு: வீட்டில் எல்லாப் பைப்பையும் பூட்டுங்கள். தாங்கி நிரம்பி மிதவை மூடியிருக்க வேண்டும். பிறகு தண்ணி மீற்றரின் முகத்தில் இருக்கிற சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். சுற்றினால் எங்கேயோ போகிறது. கொமோட் தாங்கியிலும் பாருங்கள், கேசரிக் கலரைக் கொஞ்சம் போட்டுப் பத்து நிமிடத்தில் கீழே நிறம் வருகிறதா என்று. மீற்றருக்கு வெளியே வீதியில் கசிந்தால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு 1939 ஐ அழுத்துங்கள்.

கேற் வால்வு! அதை மாதம் ஒருமுறை முழுதாகப் பூட்டி, பைப்பைத் திறந்து பார்த்து, திரும்பத் திறந்து விடுங்கள், இறுகிப்போகாமல் இருக்கும். சீல் ரேப் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று ஒரு கடுதாசி எழுதி வைத்திருந்தேன், அதற்கு இனி… சரி தம்பி, சரி. வணக்கம்.