பதினேழாம் இடத்தின் விலை

நேயர்களுக்கு வணக்கம். கால்பந்துப் புள்ளிப் பட்டியலை எல்லாரும் மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். கணக்கு வழக்கிலேயே காலம் கழித்தவன் நான். எனக்குக் கீழிருந்துதான் படிக்க வரும்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள். கடைசி மூன்று இடங்களில் முடிப்பவர்கள் இரண்டாம் நிலைக்கு இறங்க வேண்டும். அதனால் என் கணக்கில் அந்தப் பட்டியலிலேயே விலை அதிகமான கோடு, 17-ஆம் இடத்துக்கும் 18-ஆம் இடத்துக்கும் நடுவே இருப்பதுதான்.

தொலைக்காட்சிப் பணம் பிரிகிற விதத்தைப் பார்த்தால் இது புரியும். 1992-இல் லீக் தொடங்கியபோது ஒளிபரப்பு உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு 30.4 கோடி பவுண்டு என்று அறிவித்தார்கள். 2016 முதல் 2019 வரை மூன்றே பருவங்களுக்கு, உள்நாட்டில் நேரடியாகக் காட்டுவதற்கு மட்டும், 513.6 கோடி. உள்நாட்டுப் பணத்தில் பாதி எல்லா அணிக்கும் சமம். கால் பங்கு, யாருடைய ஆட்டம் எத்தனை முறை நேரடியாகக் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. மிச்சமிருக்கிற கால் பங்குதான் இடத்துக்கான பணம். கடைசி அணிக்கு ஒரு பங்கு, அதற்கு மேலே உள்ளவருக்கு இரண்டு, இப்படியே ஏறி முதலிடத்துக்கு 20 பங்கு. 2016-17 பருவத்தில் ஒரு பங்கு சுமார் 19 லட்சம் பவுண்டு.

இருபது மடங்கா என்று மலைக்க வேண்டாம். வெளிநாட்டு உரிமைப் பணம் அப்போது முழுக்கச் சமமாகத்தான் பிரிந்தது. (2019-க்குப் பிறகு கூடுதலாக வருகிற வெளிநாட்டுப் பணமும் இடத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.) எல்லாம் சேர்த்து அந்த ஆண்டு பட்டம் வென்ற செல்சிக்குச் சுமார் 15 கோடி, கடைசியில் வந்த சண்டர்லாந்துக்குச் சுமார் 9.3 கோடி. கடைசி இடத்துக்கே இவ்வளவு! ஆனால் மறு வருடம் சண்டர்லாந்து இரண்டாம் நிலையில் ஆடியது. அங்கேயும் கடைசி. 2018-இல் மூன்றாம் நிலை. பிரீமியர் லீக்குக்குத் திரும்பி ஏற 2025 ஆகிவிட்டது.

இறங்கும் அணிக்குப் பாராசூட் பணம் என்று ஒன்று உண்டு. முதல் ஆண்டு, ஒவ்வோர் அணிக்கும் கிடைக்கிற சமப்பங்கில் 55 சதவீதம், அடுத்த ஆண்டு 45, மூன்றாம் ஆண்டு 20. ஒரே பருவம் ஆடிவிட்டு இறங்கினால் இரண்டு ஆண்டுதான். இது எதற்கு என்றால், வரவு பருவம் முடிகிற ஒரே மே மாதத்தில் சரிகிறது, ஆட்டக்காரர்களின் ஒப்பந்தமோ நான்கு, ஐந்து வருடம் ஓடுகிறது. இறங்கினால் சம்பளம் குறையும் என்று முன்பே எழுதி வாங்காத கிளப்பின் பாடு திண்டாட்டம்தான்.

அப்புறம், வராத இடத்தை வந்ததாக வைத்துப் பட்ஜெட் போடும் பழக்கம். எனக்கு இதுதான் தாங்க முடியாத விஷயம். லீட்ஸ் யுனைடெட், பட்டியலில் மேலிடம் பிடித்த அணிகள் ஆடுகிற ஐரோப்பியப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் பணத்தை நம்பிக் கடன் வாங்கியது. 2001-இல் அதன் அரையிறுதியில் ஆடிய அணி, 2004-இல் பிரீமியர் லீக்கிலேயே இல்லை.

சரி, அது பழைய கதை. எவர்டன் 2021-22 பருவத்தில் ஆறாம் இடம் வரும் என்று கணக்குப் போட்டது. வந்தது 16-ஆம் இடம். எதிர்பார்த்ததில் 2.1 கோடி பவுண்டு வரவில்லை. மூன்று ஆண்டுகளில் 10.5 கோடிக்கு மேல் நட்டம் கூடாது என்பது அப்போதைய லீக் விதி. எவர்டனின் நட்டம் 12.45 கோடி. மீறிய தொகையும் வராமல் போன தொகையும் கிட்டத்தட்ட ஒன்று. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வேறு செலவுகளும் இருந்தன. 2023 நவம்பரில் 10 புள்ளிகளைப் பிடுங்கினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது. இடம் தவறியதால் பணம் போயிற்று, பணம் போனதால் புள்ளி போயிற்று, புள்ளி போனால் மறுபடி இடம்!

அதே 2023-24 பருவத்தில் லூட்டன் டவுன் என்றொரு சிறிய கிளப், லண்டன் வெம்பிளி மைதானத்தில், மேலே ஏறுவதற்கான கடைசி ஆட்டத்தைப் பெனால்டி உதைகளில் வென்று வந்திருந்தது. பெரிய செலவில் இறங்காமலே ஆடி, 18-ஆம் இடத்தில் முடித்துக் கீழே போனது. அடுத்த வருடமே அதற்கும் கீழே. 17-ஆம் இடத்தில் நின்றது நாட்டிங்காம் பாரஸ்ட். நட்ட வரம்பை மீறியதற்காக 4 புள்ளி இழந்த அணி அது. இழந்த பிறகும் லூட்டனைவிட 6 புள்ளி மேலே இருந்தது.