ஸ்பிட்ஃபயர் கிளம்பும் முன்பே வந்துவிடுங்கள்

(காட்சி: புல்வெளி விமானத் திடல். கொட்டகையிலிருந்து ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானம் மெல்ல வெளியே இழுத்து வரப்படுகிறது.)

வணக்கம். விமானக் கண்காட்சிக்கு வரும் பலர், பழைய போர் விமானம் தலைக்கு மேல் பறக்கும் சில நிமிடங்களுக்காகவே காத்திருக்கிறார்கள். இவற்றின் மீது தீராத பற்றுக் கொண்ட ரசிகர்களோ, எஞ்சின் உயிர் பெறுவதற்கு வெகுநேரம் முன்பே வேலியோரம் இடம்பிடித்துவிடுகிறார்கள். தரையில் நடப்பதைப் புரிந்துகொண்டு பார்த்தால்தான் வானில் நடப்பது முழுமையாக இனிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

(காட்சி: பி-17 குண்டுவீச்சு விமானம். இரண்டு பணியாளர்கள் முன்விசிறியைக் கையால் சுழற்றுகிறார்கள்.)

முதலில் இவர்களின் கைகளைக் கவனியுங்கள். இந்த விமானத்தில் உள்ள ரேடியல் வகை எஞ்சினில் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருப்பதால், விமானம் நின்றிருக்கும் நேரத்தில் எண்ணெய் கசிந்து கீழ்ப்பகுதிச் சிலிண்டர்களில் தேங்கிவிடும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்பதால், அப்படியே எஞ்சினை இயக்கினால் உள்ளே இருக்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடக்கூடும். ஆகவேதான் முன்விசிறியை முன்கூட்டியே கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கிறார்கள்; எங்கேனும் தடை தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் குபுகுபுவென எழும் வெண்புகை பழுதின் அறிகுறி அன்று. எஞ்சியிருந்த எண்ணெய் எரிவதே அது.

ஸ்பிட்ஃபயரில் நாம் கேட்பது வேறு குரல். அதன் மெர்லின் எஞ்சின் V வடிவில் அமைந்த 12 சிலிண்டர்களையும் 27 லிட்டர் கொள்ளளவையும் கொண்டது. புகைபோக்கிகள் குட்டையானவை, ஒலியை அடக்கும் கருவி எதுவும் இல்லை. ஒவ்வொரு வெடிப்பும் நேராகக் காற்றில் வந்து விழுவதால்தான் அந்த உறுமல் காதில் மட்டுமன்றி நெஞ்சுக்கூட்டிலும் அதிர்கிறது. பிற்கால ஸ்பிட்ஃபயர்களில் 37 லிட்டர் கிரிஃபன் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் முன்விசிறி மெர்லினுக்கு எதிர்த்திசையில் சுழலும் என்பதால், ஓடுபாதையில் விமானம் இடப்பக்கம் இழுப்பதற்குப் பதிலாக வலப்பக்கம் இழுக்கும். பழகிய ரசிகர் கண்ணை மூடிக்கொண்டே இரண்டு எஞ்சின்களையும் வேறுபடுத்திச் சொல்லிவிடுவார்.

நீண்ட மூக்கு எதிரே உள்ள பாதையை மறைப்பதால், தரையில் ஓடும்போது விமானி விமானத்தை இடமும் வலமுமாக வளைத்து வளைத்துச் செலுத்துகிறார். எஞ்சினும் தரையில் விரைவில் சூடேறிவிடும். ஆகவே அவர் நெடுநேரம் காத்திருக்க விரும்பமாட்டார்.

(காட்சி: கடற்கரை மணலில் கிடக்கும் சிதைந்த விமானத்தின் பழைய புகைப்படம்.)

இப்போது ஒரு குறிப்பிட்ட விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன். N3200 என்ற எண்ணுடைய ஸ்பிட்ஃபயர், 1940 மே 26 அன்று, டன்கர்க் போர்க்களத்தின் மேல் பறந்தபோது தாக்கப்பட்டு, பிரான்சின் காலே நகருக்கு அருகிலுள்ள சாங்காத் கடற்கரையில் இறங்கியது. அதை ஓட்டிய ஜெஃப்ரி ஸ்டீபன்சன் போர்க்கைதியானார். மணலுக்குள் புதைந்த விமானம் 1986இல் மீண்டும் வெளிப்பட்டது. பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2014இல் பறந்தது. மறு ஆண்டு, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கப்பட்டது. அதே டக்ஸ்ஃபோர்டு, ஸ்டீபன்சனின் 19ஆம் படைப்பிரிவு தங்கியிருந்த தளம்.

உப்பு நீரும் மணலும் அரித்த உலோகத்தை நம்பி யாரும் பறக்க முடியாது. எனவே இத்தகைய விமானங்களில் பெரும்பகுதி புதிதாகவே செய்யப்படுகிறது. அப்படியானால் இது அதே விமானமா என்ற கேள்வி ரசிகர்களிடையே ஓயாமல் எழுகிறது. பழைய வரைபடங்களின்படி, பழைய முறைகளிலேயே ஒவ்வொரு பாகத்தையும் செய்து முடிக்கும் கைத்திறனில்தான் விமானத்தின் தொடர்ச்சி இருக்கிறது என்பது என் துணிபு. மஸ்கிட்டோ என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தைப் பாருங்கள். பால்சா மரத்தையும் பிர்ச் ஒட்டுப்பலகையையும் பசையால் ஒட்டிச் செய்த உடல், காலப்போக்கில் பிரிந்துவிடும். 1996இல் நடந்த விபத்துக்குப் பிறகு பறக்கும் நிலையில் ஒரு மஸ்கிட்டோகூட எஞ்சவில்லை. நியூசிலாந்தில் உடலுக்கான அச்சுகளைப் புதிதாகச் செய்து, அவற்றின் மேல் மரத்தை வளைத்து ஒட்டிய பிறகே, 2012இல் மஸ்கிட்டோ மறுபடியும் வானில் ஏறியது.

எண்ணிக்கையையும் மனத்தில் கொள்ளுங்கள். லங்காஸ்டர் என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் 7,377 கட்டப்பட்டன; பறக்கக்கூடியவையாக எஞ்சியவை இரண்டே, ஒன்று பிரிட்டனிலும் மற்றொன்று கனடாவிலும். 2014இல் கனடிய விமானம் அட்லாண்டிக்கைக் கடந்து வந்து, மற்றதோடு சேர்ந்து பறந்தபோது, எட்டு மெர்லின் எஞ்சின்கள் ஒருசேர ஒலித்தன.

அரியவற்றை ஏன் ஆபத்துக்கு உட்படுத்த வேண்டும் என்று கேட்பவர்களின் வாதத்தில் வலு உண்டு. 2022 நவம்பரில் டல்லஸ் கண்காட்சியில் பி-17 (B-17) குண்டுவீச்சு விமானமும் பி-63 (P-63) போர் விமானமும் மோதி ஆறு பேர் உயிரிழந்ததை எந்த ரசிகரும் மறக்கவில்லை. அருங்காட்சியகத்தில் உருவத்தைக் காக்கலாம். ஆனால் அந்த ஒலியையும் அசைவையும் பறக்கும் விமானம் மட்டுமே தர முடியும். ஆகவே நிதானமாக, எஞ்சினின் முழு ஆற்றலையும் பிழியாமல், இறக்கைகளுக்கு அதிகச் சுமை தராமல் பறக்கும் விமானியையே நான் மிகவும் மதிக்கிறேன்.

(காட்சி: மாலை. பி-17 தன் இடத்துக்குத் திரும்பி நிற்கிறது.)

விமானம் இறங்கியதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். எஞ்சின் நின்ற பிறகு, சூடான உலோகம் ஆறும்போது எழும் சின்னஞ்சிறு சொடுக்கொலிகள் வேலிவரை கேட்கும். காலையில் முன்விசிறியைச் சுழற்றிய அதே பணியாளர்கள் திரும்பி வந்து, ஒவ்வோர் எஞ்சினின் அடியிலும் எண்ணெய் சொட்டும் தட்டை வைப்பார்கள்.