நுண்ணுயிரின் கடிகாரம்: நுண்ணுயிரியலை வேலையாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு

[திரையில்: தலைகீழாக அடுக்கிவைத்த பெட்ரி தட்டுகள். ஒரு கை ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறது.]

வணக்கம்.

காலையில், நுண்ணுயிர்களை வளர்க்கும் வெப்பப் பெட்டியான இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்று முகத்தில் படும். நேற்று மாலை வெறுமையாகத் தெரிந்த தட்டில் இன்று குண்டூசித் தலை அளவில் வட்ட வட்டமாகப் புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு காலனி; ஒற்றைச் செல்லில் தொடங்கி ஒரே இரவில் கோடிக்கணக்காகப் பெருகிய கூட்டம். பல ஆண்டுகளாக இந்தக் கதவைத் திறக்கிறேன். அந்த நொடி எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை.

நுண்ணுயிரியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு வழக்கமாக ஒரு பட்டியலைக் கொடுப்பார்கள். மருத்துவமனை, மருந்து நிறுவனம், உணவுத் துறை, ஆராய்ச்சி. பட்டியலில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்து வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது. அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரிய வேண்டும். இந்தத் துறையில் உங்கள் நேரத்தை நுண்ணுயிர்தான் வகுக்கும். அது வளரும் வேகம்தான் உங்கள் வேலையின் வேகம். ஆகவே, எந்த வேகத்தோடு உங்களால் ஒத்துப்போக முடியும் என்று பார்த்து உங்கள் பிரிவைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பேச்சு.

[திரையில்: ஒரு செல் இரண்டாக, இரண்டு நான்காகப் பிரியும் காட்சி. ஓரத்தில் கடிகாரம்.]

நல்ல ஊட்டமும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் கிடைத்தால் ஈ.கோலை பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். தடையில்லாமல் பத்து மணி நேரம் பிரிந்தால் 30 தலைமுறை. ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். காசநோய்க் கிருமிக்கோ ஒருமுறை பிரியவே கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். அதன் காலனி கண்ணுக்குத் தெரியப் பல வாரங்கள் ஆகும். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்த ராபர்ட் கோக், அதைச் சூடாக்கி உறையவைத்த இரத்த நீர்மத்தில் வளர்த்திருந்தார். முதல் வாரத்தில் அதில் எதுவுமே தெரியாது. அந்த வெறும் குழாயைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததும் அவருடைய கண்டுபிடிப்பின் ஒரு பகுதிதான்.

இனி, கையால் செய்யும் வேலைக்கு வருவோம். இதை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். இது பிடித்தால் மற்றதெல்லாம் பிடிக்கும்.

[திரையில்: பன்சன் விளக்கின் நீலச் சுடரில் கம்பி வளையம் சிவந்து வருகிறது.]

முதலில் கற்றுக்கொள்வது தட்டில் கோடு இழுப்பது. ஒரு கம்பி, அதன் முனையில் சின்ன வளையம். இதை லூப் என்போம். சுடரில் செக்கச்செவேலென்று ஆகும் வரை காட்டி, பிறகு ஆறவிட வேண்டும். மாதிரியைத் தொட்டு, தட்டில் உள்ள கூழ் போன்ற ஊடகமான அகாரின் ஓர் ஓரத்தில் முன்னும் பின்னுமாக மெல்லத் தேய்க்க வேண்டும். மறுபடி சுடர், மறுபடி ஆறவிடல். தட்டைச் சற்றுத் திருப்பி, முதலில் தேய்த்த இடத்தின் நுனியைத் தொட்டுக்கொண்டு அடுத்த பகுதிக்கு இழுக்க வேண்டும். இப்படி நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் செல்கள் குறைந்துகொண்டே வந்து, கடைசிப் பகுதியில் தனித்தனியாக விழும். மறுநாள் அங்கேதான் தனிக் காலனி கிடைக்கும். அது கிடைத்தால்தான் ஒரே இனம் என்று நம்பி அடுத்த சோதனைக்குப் போகலாம். அழுத்தினால் அகார் கிழிந்துவிடும். மூடியை அகலத் திறந்தால் காற்றில் இருப்பதெல்லாம் உள்ளே விழும். தட்டைத் தலைகீழாகத்தான் அடுக்க வேண்டும். இல்லையென்றால் மூடியில் கோத்த நீர்த்துளி சொட்டிக் காலனிகளைக் கலக்கிவிடும்.

மாணவியாக இருந்தபோது ஒருநாள் அவசரத்தில் வளையத்தை ஆறவிடாமல் மாதிரியில் வைத்துவிட்டேன். சுர்ரென்று சத்தம் வந்தது. கேட்டும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் தட்டில் எதுவும் இல்லை. ‘வளர்ச்சி இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஆசிரியை அதைப் படித்துவிட்டு, “நேற்று வளையத்தை வைத்தபோது ஏதாவது சத்தம் கேட்டதா?” என்று கேட்டார்.

“கேட்டது, மேடம்.”

“அப்படியானால் அதையும் எழுதும்மா. இது ஒரு நோயாளியின் மாதிரியாக இருந்தால், நீ எழுதிய இந்த இரண்டு சொல்லை நம்பி டாக்டர் மருந்தை நிறுத்தியிருப்பார்.”

அன்றைக்குப் பிறகு நான் வளையத்தை அவசரப்படுத்தியதில்லை. குறிப்பேட்டில் எதையும் விட்டதுமில்லை.

[திரையில்: ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேறிய செல்கள், நுண்ணோக்கியின் வட்டத்துக்குள்.]

மருத்துவமனை ஆய்வகத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடும். ஒன்று கிருமியுடையது, மற்றொன்று நோயாளியுடையது. நோயாளியின் இரத்தம் ஊட்ட நீர்மம் நிறைந்த பாட்டிலில் வந்து சேரும். அதில் ஏதோ வளர்கிறது என்று கருவி காட்டியதும் ஒரு துளியை எடுத்து ஸ்லைடில் பரப்பி கிராம் சாயம் ஏற்றுவோம். 1884இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. முதலில் கிரிஸ்டல் வயலட், அடுத்து அயோடின், பிறகு ஆல்கஹாலால் கழுவல், கடைசியில் சிவப்புச் சாயம். தடித்த செல்சுவர் உள்ளவை ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். மற்றவை ஊதாவை இழந்து இளஞ்சிவப்பாகும். ஆல்கஹாலைச் சில நொடி கூடுதலாக விட்டால் ஊதாவாக இருக்க வேண்டியதும் வெளுத்துவிடும். 140 ஆண்டுகள் கடந்தும் அந்தச் சில நொடிகளைத் திறமையான கைதான் காப்பாற்றுகிறது. கிருமி எந்த வகை, எந்த வடிவம் என்பதை உடனே தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பெயர் தெரியும் முன்பே, சரியான திசையில் மருந்து தொடங்கிவிடும்.

அதன் பிறகு ஆன்டிபயாடிக் சோதனை. கிருமியைத் தட்டு முழுதும் பரப்பி, வெவ்வேறு மருந்து ஊறிய சின்னக் காகித வில்லைகளை மேலே வைப்போம். 16 முதல் 18 மணி நேரம் கழித்து, மருந்து வேலை செய்த இடத்தில் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் இருக்கும். அளவுகோலால் மில்லிமீட்டரில் அளப்போம். சில காலைகளில் ஒரு வில்லையைச் சுற்றியும் வட்டம் இருக்காது. வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நிற்கும். அந்தத் தட்டைக் கையில் வைத்திருக்கும்போது மனம் கனத்துப்போகும். ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியா தொற்றே நேரடிக் காரணமாக 2019இல் உலகம் முழுவதும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. இந்த வேலைக்கு ஆட்கள் தேவை என்று நான் சொல்வது ஒப்புக்கு அல்ல.

இப்போது மால்டி-டாஃப் என்ற கருவி சில நிமிடத்தில் கிருமியின் பெயரைச் சொல்லிவிடுகிறது. இனி மனிதர்கள் எதற்கு என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்தக் கருவிக்கே வளர்ந்த காலனி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது. தட்டில் உள்ள மூன்று வகைக் காலனிகளில் எது நோய்க்குக் காரணம், எது தோலிலிருந்து தவறி வந்தது என்று தீர்மானிப்பது இன்றும் பயிற்சி பெற்ற கண்தான்.

காத்திருப்பின் பலனுக்கு ஒரு கதை சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் கண்ட வளைந்த பாக்டீரியாவை வளர்க்க முயன்றார்கள். மாதிரிக்குப் பின் மாதிரியாகத் தோல்வி. இரண்டு நாளில் எதுவும் வளராத தட்டுகளைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் உள்ளேயே இருந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தபோது காலனிகள் இருந்தன. இன்று அதை ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிறோம். இரைப்பைப் புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமுமே காரணம் என்று நம்பப்பட்ட காலம் முடிந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிக்குத் தேவைப்பட்டது இன்னும் சில நாட்கள்தான்.

[திரையில்: தலை முதல் கால் வரை வெள்ளை உடை அணிந்த ஒருவர், தூய அறையில் மெதுவாக நடக்கிறார்.]

மருந்துத் தொழிற்சாலையின் கடிகாரம் வேறு மாதிரி. அங்கே எதுவும் வளரக் கூடாது என்பதுதான் வேலை. ஊசி மருந்து நிரப்பும் தூய அறையில் கிருமியைக் கொண்டுவருவதில் மனிதனுக்குத்தான் முதலிடம். அதனால் உடை அணியவே தனிப் பயிற்சி, நடப்பதற்கும் கையை அசைப்பதற்கும் விதி. வேலை முடிந்ததும் கையுறை விரல்களை அகாரில் அழுத்திப் பார்ப்பார்கள். வழக்கமான நுண்ணுயிரின்மைச் சோதனையில் மருந்தை ஊட்ட நீர்மத்தில் சேர்த்து 14 நாள் காத்திருப்பார்கள். பதினான்காம் நாளும் நீர்மம் கலங்காமல் இருந்தால்தான் தேறும். ஒரே செயல், ஒரே படிவம், ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து. சிலருக்கு இது மூச்சுமுட்டும். ஒழுங்கை விரும்புபவர்களுக்கு இதைவிட நிம்மதியான பணி இல்லை. இளநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர்களுக்கு முதலில் திறக்கும் கதவும் பெரும்பாலும் இத்தகைய தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுதான்.

உணவு, குடிநீர் ஆய்வகங்களில் வேகம் கூடும். 100 மில்லிலிட்டர் தண்ணீரை நுண்துளைச் சவ்வின் வழியாக வடித்து, சவ்வை அப்படியே ஊடகத்தின் மேல் வைத்தால் மறுநாள் எண்ணிவிடலாம். நொதித்தல் ஆலையில் இரவுப் பணி உண்டு. பல்லாயிரம் லிட்டர் கலனில் வளரும் உயிர், மனிதர்களின் தூக்க நேரத்தைப் பார்க்காது. பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் 1982இல் விற்பனைக்கு அனுமதி பெற்றதும் இப்படிப்பட்ட கலன்களின் வழியாகத்தான்.

ஆராய்ச்சியின் கடிகாரம்தான் மிக நீளமானது. தாமஸ் பிராக் 1960களில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில், கொதிநிலைக்கு அருகில்கூட உயிர் வாழ்கிறதா என்று தேடினார். அங்கே கிடைத்த ஒரு பாக்டீரியாவுக்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டார். அதன் வெப்பம் தாங்கும் நொதி பின்னாளில், டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையின் அச்சாணியானது. தேடியவர் மனத்தில் அப்போது மருத்துவப் பரிசோதனை எதுவும் இல்லை. இந்தப் பாதையை எடுத்தால் முதுநிலை, முனைவர் பட்டம், அதற்குப் பிறகும் தற்காலிகப் பதவிகள் என்று ஆண்டுகள் நீளும். நிரந்தர இடங்கள் குறைவு. இதை மறைத்து உங்களை அழைக்க எனக்கு மனமில்லை. கேள்வியின் மீது உள்ள ஆசைதான் அந்த ஆண்டுகளைக் கடத்தும். அதே நேரம், மண்ணிலும் கடலிலும் உள்ள பெரும்பாலான நுண்ணுயிர்களை இதுவரை யாரும் தட்டில் வளர்த்ததில்லை. அவற்றை டி.என்.ஏ. வரிசையால்தான் அறிகிறோம். கணினியில் தேர்ந்தவர்களுக்கு இங்கே பெரிய இடம் காத்திருக்கிறது.

படிக்கும்போதே வேதியியலையும் புள்ளியியலையும் விட்டுவிடாதீர்கள். ஒரு நிரல்மொழியின் அடிப்படையாவது கற்றுக்கொள்ளுங்கள். மருத்துவ ஆய்வகத்தில் அறிக்கையில் கையெழுத்திட என்ன தகுதி வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சேரும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலரும் வெளியே சொல்லத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: நமக்குத் தொற்றிவிடாதா? அந்தப் பயம் நியாயமானது. ஆய்வகங்கள் ஆபத்துக்கு ஏற்ப நான்கு பாதுகாப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எபோலா போன்றவை நான்காம் நிலையில் மட்டுமே கையாளப்படும். பயன்படுத்திய தட்டுகள் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் அழுத்த நீராவியில் வெந்த பிறகே வெளியேறும். கை கழுவுவதும் ஆய்வக மேலங்கியை உள்ளேயே கழற்றிவைப்பதும் சில மாதங்களில் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

முடிவெடுக்கும் முன் ஓர் ஆய்வகத்தில் அனுமதி கேட்டு இரண்டு நாள் கூடவே இருந்து பாருங்கள். ஒரு நாள் போதாது. முதல் நாள் மாலை அவர்கள் கோடு இழுத்த தட்டுகளில் ஒன்றை உங்கள் கண் அடையாளம் வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் காலை அவர்களோடு இன்குபேட்டர் முன்னால் நில்லுங்கள். மூடியைத் திறக்காமல் அந்தத் தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டச் சொல்லி, கடைசிப் பகுதியில் தனிக் காலனி விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

[திரையில்: தட்டு வெளிச்சத்தில் திரும்புகிறது. காலனிகள் ஒவ்வொன்றாகத் தெளிகின்றன.]