சட்டையின் உட்பக்கம்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். பெண்ணுடம்பு எப்படி இருந்தால் வடிவு என்று காலத்துக்குக் காலம் உடுப்புத்தான் சொல்லி வந்திருக்கிறது. அதே துணியாலும் ஊசியாலும் அதற்குப் பதில் சொன்ன கலையைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசுகிறேன்.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் திமிங்கிலத் தகடு வைத்துத் தைத்த கச்சையால் இடுப்பை இறுக்கினார்கள். 1850களில் உருக்கு வளையம் வைத்துப் பாவாடையை விரித்தார்கள். 1920களில் மார்பும் இடுப்பும் தெரியாத நேர்ச்சட்டை நாகரிகமானது. 1947இல் பிரெஞ்சு உடுப்பு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் மறுபடியும் இடுப்பைச் சிறுக்க வைத்தார். நூறு வருசத்துக்குள் இத்தனை கட்டளைகள்! இதற்குள் எந்தப் பெண்ணின் எலும்பு மாறியது?

பாரிசில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வாவின் குடும்பத்துக்குப் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிடுவதுதான் தொழில். எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவர் தன் பழைய உடுப்புகளை வெட்டிப் பெண்ணுருவங்கள் தைத்தார். ஒட்டும் தையலும் அப்படியே வெளியில் தெரியும். எனக்கு அதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது.

சரி, எங்கள் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1824இல் அமெரிக்க மிஷன் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு தையலும் படிப்பித்தார்கள். ஆனால் யார் மேற்சட்டை போடலாம், யார் போடக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்த ஊரும் இதுதான். அந்தக் கொடுமையை விட்டுவிட்டு இங்கே சட்டையின் கதையைச் சொல்ல முடியாது.

வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய சீலைச்சட்டை ஒன்றை உட்பக்கம் புரட்டிப் பாருங்கள். பக்கத் தையலுக்கு அப்பால் ஓர் அங்குலத் துணி மடிந்து கிடக்கும். கலியாணத்துக்குத் தைக்கும்போதே, பிள்ளை பிறந்தபின் பிரித்து விடலாம் என்று வைத்த துணி. பிரித்த இடத்தில் ஊசித்துளைகள் வரிசையாக நிற்கும். வெயில் படாத அந்தக் கீற்று மட்டும் சாயம் மங்காமல் இருக்கும். என் அம்மாவின் சட்டை ஒன்றில், விட்ட தையலுக்கு உள்ளே இன்னொரு தையல் ஓடுகிறது. 1995 போர்க்கால இடப்பெயர்வில் மெலிந்தபோது பிடித்துத் தைத்தது.

புடவைக்கடைப் பொம்மைக்கு ஒரே அளவுதான். கலியாண வீட்டில், "என்ன பிள்ளை, இப்பிடிக் கொழுத்திட்டாய்?" என்று கேட்பவர்களும் அந்த அளவைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். பெண்ணுடம்பின் உண்மையான அளவுகளோ இந்தச் சட்டைகளின் உள்ளே கிடக்கின்றன.

நுண்கலை படிக்கும் பிள்ளைகளே, இவற்றைத் தேடி எடுங்கள். உட்பக்கம் வெளியே தெரியத் தொங்கவிடுங்கள். அம்மாமாரே, பழைய சட்டைகளை அடுப்படித் துணியாகக் கிழிக்கமுதல் அவர்களிடம் ஒருக்கால் கொடுத்துப் பாருங்கள். வணக்கம்.