தேசியத் திட்டம் லயம் வரை வருமா?

கேரளத்தின் மறையூரிலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "பேரிடர் பாதிப்பைக் குறைக்க தேசியத் திட்டம் இருக்கிறது என்கிறார்கள். டெல்லியில் எழுதியது இங்கே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருக்கிறவர்களுக்கு எப்படி உதவும்?"

திட்டம் இருக்கிறது அக்கா. சுனாமிக்கு அப்புறம் 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2016இல் தேசியத் திட்டம், 2019இல் அதற்குத் திருத்தம். மண்சரிவுக்கென்றே தனியாக ஒரு தேசிய உத்தியும் அதே 2019இல் வெளியானது. அடுத்த வருஷமே, ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண்சரிவு. 70 உயிர். பெரும்பாலும் நம் தோட்டத் தொழிலாளர்களும் பிள்ளைகளும்தான். பலருக்குப் பூர்வீகம் தமிழ்நாட்டில் கயத்தாறு பக்கம். கரண்ட் இல்லை, போன் வேலை செய்யவில்லை. விடிந்த பிறகுதான் வெளியே தகவல் போனது. இதை எப்போது பேசினாலும் எனக்கு நெஞ்சு கனத்துவிடும்.

திட்டம் எங்கே அறுந்து போகிறது என்று பாருங்கள். கனமழைக்கான ரெட் அலர்ட் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துத்தான் வருகிறது. உங்கள் மறையூர் மழை மறைவுப் பகுதி. மலைக்கு அந்தப் பக்கம், பெட்டிமுடி இருக்கிற ராஜமலையில் கொட்டித் தீர்க்கும். இரண்டும் இடுக்கி மாவட்டம்தான். அந்த ஒரு அலர்ட்டை வைத்து எந்த லயத்தைக் காலி செய்வது? அந்தந்த எஸ்டேட்டில் மழைமானி வைத்து, இவ்வளவு பெய்தால் இந்த லயம் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும். டவர் போனாலும் கேட்கிற மாதிரி ஒரு சைரனும் வேண்டும்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல், மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தை ஆபத்து வருமுன் தடுக்கிற வேலைக்கென்று பிரித்து வைத்தது. மீதி 80 நிவாரணத்துக்கும் மறுசீரமைப்புக்கும் முன்தயாரிப்புக்கும். என்னைக் கேட்டால் அந்த 20 போதாது.

அப்புறம், சட்டப்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர், ஜில்லா பஞ்சாயத்துத் தலைவர் இணைத் தலைவர். அவர் நம் ஓட்டில் வந்தவர். அடுத்த கிராம சபையில் இதையே மனுவாகக் கொடுங்கள்: மாவட்டத் திட்டத்தில் எங்கள் லயத்தின் பெயர் இருக்கிறதா? ராத்திரி வந்து எழுப்பப் போகிற ஆள் யார்?