புறோச்சைத் திருப்பிப் பாருங்கள்

வணக்கம். எங்கள் வீட்டுச் சுவர்களில் தொங்கும் பழைய ஸ்டூடியோப் படங்களை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். கதிரையில் கோட்டுப் போட்ட பூட்டன், பக்கத்தில் கழுத்துவரை மூடிய சட்டையோடு பூட்டி. சேலைத் தலைப்பு தோளைத் தொடும் இடத்தில் ஒரு புறோச், ஊசியால் குத்திக்கொள்ளும் நகை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அட்டியல், பதக்கம், காப்பு, தோடு என்று எங்கள் நகைகளுக்கெல்லாம் தமிழில் பெயர் இருக்கிறது. இதற்கு மட்டும் இங்கிலீசுப் பெயரே நிலைத்துவிட்டது. வெள்ளைக்காரர் காலத்து உடுப்போடு வந்த சாமான் அது. மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர்களின் பெட்டிகளிலும் வந்தது. என் அம்மம்மாவுடையது அப்படி வந்ததுதான்: பெரிதாக ஒன்று, சிறிதாக இரண்டு, மூன்றையும் தொடுத்து மெல்லிய சங்கிலி. சின்ன இரண்டும் எதற்கு என்று கேட்டால் அம்மம்மாவுக்கும் தெரியாது. அதன் பெயர் கெரோசாங் என்பது பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. மலாய்ப் பெண்களும், அங்கே பல தலைமுறையாக வாழும் பெரனாக்கன் சீனப் பெண்களும் உடுத்தும் கெபாயாச் சட்டைக்கு முன்பக்கம் பொத்தான் கிடையாது. மேலிருந்து கீழாக இந்த மூன்றையும் குத்தித்தான் அதைப் பூட்டுவார்கள். சேலைக்கு ஒன்று போதுமே! அம்மம்மா சங்கிலியைக் கழற்றிவிட்டுப் பெரியதை மட்டும் குத்திக்கொண்டார்.

சரி, உங்கள் பெட்டகத்தில் ஒன்று கிடந்தால் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். ஊசி நுனி புறோச்சின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றால், கொளுக்கி வெறும் வளைந்த கம்பியாக இருந்தால், அது பெரும்பாலும் விக்டோரியா மகாராணி காலத்தது. ஊசி நழுவாமல் உருட்டிப் பூட்டும் கொளுக்கி இருபதாம் நூற்றாண்டில்தான் பரவியது. ஆனால் பழைய புறோச்சுக்குப் புதுக் கொளுக்கி ஒட்டியிருக்கவும் கூடும், பற்றவைத்த தடத்தைத் தேடுங்கள். பிரித்தானிய நகையில் 15 கரட் என்று முத்திரை இருந்தால், அது 1854க்கும் 1932க்கும் இடையில் செய்தது. எங்கள் பத்தர்மார் அதை உரைத்துப் பார்த்து, மாற்றுக் குறைவு என்று முகத்தைச் சுளிப்பார்கள். அவர்கள் சொல்வதும் பிழையில்லை, இங்கே 22 கரட்டைத்தானே பவுண் என்கிறோம்.

பிரித்தானியப் பவுண் காசு பதித்த புறோச் என்றால் இன்னும் லேசு. காசில் ஆண்டே இருக்கும். அது தேய்ந்திருந்தாலும் மகாராணியின் தலையைப் பாருங்கள். 1887வரை இளம்பெண் முகம், பிறகு 1893வரை தலையில் குட்டிக் கிரீடம், அதன்பின் முக்காடு போட்ட கிழவி. காசுக்குப் பிறகுதான் புறோச் செய்திருப்பார்கள், முந்தியிருக்க வழியில்லை.

முக்காட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1861இல் கணவர் அல்பேர்ட் இறந்த பிறகு, தான் சாகும்வரை விக்டோரியா கறுப்பைக் களையவில்லை. இங்கிலாந்துப் பெண்களும் அங்கே விற்பி என்ற ஊரில் எடுத்த ஜெட் என்ற கறுப்புப் பொருளில் செய்த புறோச்சைத் துக்கத்துக்குக் குத்திக்கொண்டார்கள். கண்ணாடி மூடிக்குள் செத்தவரின் தலைமயிரைப் பின்னி வைத்த புறோச்சுகளும் உண்டு. இங்கே புருஷன் செத்தால் நகையைக் கழற்றுவார்கள், அங்கே புதிதாகப் பூட்டினார்கள். அந்த மயிர்ப் புறோச்சை எங்கள் ஆச்சிமார் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்! ஜெட் பாரமில்லாதது, கையில் பிடித்தால் குளிராது. குளிர்ந்து பாரமாக இருந்தால் கறுப்புக் கண்ணாடி.

அம்மம்மாவின் புறோச் இப்போது இல்லை. மச்சாளின் தாலிக்கொடிக்குப் பவுண் போதவில்லை என்று, கல்லைக் கழித்து மூன்றையும் உருக்கிவிட்டார்கள். நானும் அன்று பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை. படம் மட்டும் இருக்கிறது. போன மாதம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புறோச்சின் அடிப்பக்கம் ஒரு சின்ன வளையம் தெரிகிறது. சங்கிலி தொங்கிய வளையம்.